பன்னிரண்டாவது கண்ணாடி

அந்த அம்மா கண்ணாடி துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்தவர் நின்றபடியே தூங்குகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. விழித்தபடி தூங்குவது என் தொழில் உரிமை. கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவன் நான். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் மனைகளுக்கு நான்கு எல்லை எழுதிக்கொடுத்து, ஐம்பத்திரண்டாவது வயதில்தான் எனக்கென்று ஒரு நான்கு எல்லை அமைந்தது.

ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு, சுற்றியிருந்த கரும்பு வயலெல்லாம் நகர் என்று பெயர் வைத்துக்கொண்டது. அதில் ஒரு நகரில் வீடு. மாடியில், மேற்குப் பக்கம், பால்கனிக்குப் போக ஆளுயரக் கண்ணாடிக் கதவு. அதன் வழியாகக் கல்வராயன் மலை தெரியும் என்று மனை விற்றவர் சொன்னார். பொய்யில்லை. வெயில் காலத்தில் தூசி தெரியும், மழைக் காலத்தில் மேகம் தெரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு பத்து நாள் மலை தெரியும். சன்னல் பதினொன்று, அந்தக் கதவையும் சேர்த்தால் பன்னிரண்டு கண்ணாடி.

புதுச் சன்னல் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சட்டத்தின்மேல் ஒட்டி வந்த பாதுகாப்புத் தாளை உரிக்கச் சொல்லி மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். புதுப் பொருளின் மேலுறையைக் கிழிக்க மனம் வராத சாதி நாங்கள். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் மூச்சுவிடுகிறது. வெயிலில் தாள் வெந்து சட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. கண்ணாடிமேல் பூச்சு வேலைக்காரர்கள் தெளித்த சிமெண்டுப் புள்ளி, பெயிண்டுப் புள்ளி, பசை இழுவல். நான் இணையத்தில் நான்கு கட்டுரை படித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு சமையலறைச் சன்னலில் இறங்கினேன். பத்து நிமிடத்தில் சிமெண்டு அப்படியே இருந்தது, கண்ணாடியில் மட்டும் பிறை பிறையாகக் கீறல். என் மனைவி பள்ளி ஆசிரியை. கிட்டே வந்து பார்த்துவிட்டு, “கையெழுத்து பரவால்ல” என்றாள்.

மறுநாள் மேஸ்திரி அந்த அம்மாவை அழைத்து வந்தார். அறுபது இருக்கும். ஒல்லி. கையில் ஒயர் கூடை. அதில் பழைய வேட்டித் துண்டுகள், ஒரு பிளேடு, ஒரு வெற்றிலைப் பை. கல்வராயன் மலையில், கரியாலூருக்குக் கீழே ஏதோ சிற்றூர், தினமும் பஸ்ஸில் இறங்கி வருவதாக மேஸ்திரி சொன்னார். “கள்ளக்குறிச்சில புது வூடு எதுவானாலும் இந்தம்மா தொட்டாத்தான் சார் கண்ணாடி கண்ணாடியாவும்.”

அந்த அம்மா எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகச் சமையலறைச் சன்னலுக்குப் போய், புறங்கையால் கண்ணாடியை ஒரு முறை தடவினார்.

“யாருங்க இதுல கை வெச்சது?”

“நான்தாம்மா.”

“காஞ்ச சிமிட்டிய சொரண்டக் கூடாதுங்க சார். ஈரத்துணிய போத்தி வுட்டுட்டு, ரெண்டு டீ குடிச்சிட்டு வந்தா அதுவே எறங்கிக்கும்.”

“ரெண்டு டீயா?”

“சக்கர கம்மியா.”

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. எதிரில் போய் நின்றால் முகம் கொடுக்கமாட்டார். நான் வாயைத் திறந்த பிறகுதான், “ஓ, சாரா?” என்பார். மாடிப்படி ஏறும்போது உதடு முணுமுணுக்கும். ஏதோ மந்திரம் என்று என் மனைவி பயபக்தியோடு விலகி வழிவிடுவாள். யார் என்ன கொடுத்தாலும் பார்க்காமல் வாங்குவார். இதையெல்லாம் சேர்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: அந்த அம்மாவுக்குக் கர்வம். தொழில் தெரிந்தவர்களுக்கு இருக்கவேண்டியதுதான் என்று பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டேன். மனிதர்களைப் படிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

கடைசித் துடைப்புக்கு அவருக்கு அச்சடித்த தாள் வேண்டும். வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தது ஒரு சிறுபத்திரிகை. அதில் நான் நகைச்சுவை என்று நம்பி எழுதிய கட்டுரைகள் வந்திருந்தன. விற்காத பிரதிகளை ஆசிரியர் அன்பளிப்பாக அனுப்பிவிடுவார். அந்த அம்மா ஒன்றைக் கசக்கி இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தார்.

“இது நல்லா உறிஞ்சுது சார். இன்னும் இருக்குதா?”

என் எழுத்துக்கு வந்த ஒரே மறுபதிப்புக் கோரிக்கை அதுதான்.

ஒரு நாள் சன்னல் பொருத்திய ஆள் கணக்கு முடிக்க வந்து நின்று எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மாடி அறைக் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிவிட்டு, “இது ஒக்காரல” என்றார். ஆள் சிரித்தார். “மட்டம் வெச்சிப் பாத்தாச்சி ஆயா.” அந்த அம்மா மறுபடி தட்டினார். “பக்கத்து கண்ணாடி பேசுது. இது மொனவுது. கீழ ரப்பர் இல்ல, கயட்டிப் பாரு.” கழற்றினால், ஒரு மூலையில் ரப்பர் இல்லை. ஆள் என்னைப் பார்த்தார், நான் மேஸ்திரியைப் பார்த்தேன், அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை.

துடைத்து முடித்த கண்ணாடியில் அவர் ஓர் அடையாளம் வைப்பார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை மூன்று விரலில் தொட்டு, தன் கண் உயரத்துக்கு, இடது ஓரத்தில், பட்டையாக ஓர் இழுப்பு. பட்டையும் நாமமும் வீட்டுக்காரரைப் பொறுத்தது. கிறிஸ்தவர் வீடென்றால் சிலுவை. கேட்டால், “திஷ்டிக்குங்க. புது வூடு. மூணாம் நாளு நானே வந்து தொடைச்சிடுவேன். அதுக்கு மேல வுட்டா சுண்ணாம்பு கண்ணாடிய கடிச்சிடும்” என்பார். எங்கள் ஊரில் யாரோடும் எதைப் பற்றியும் வாதாடலாம், திருஷ்டி என்று சொல்லிவிட்டால் மட்டும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போகிற இடத்தில் கண்ணாடியில் பட்டை இல்லையென்றால், வீட்டுக்காரர் சிக்கனம் பிடித்துவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள். எதிர் மனைப் பேராசிரியர் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டங்களில் தொண்டை கட்டுகிறவர். அவரும் ஒரு நாள் காம்பவுண்டு ஓரம் என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மாவ நம்ம வூட்டுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்க சார். சும்மா, ஒரு டிசைனா” என்றார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குக் கண் ஏறக்குறைய போயிருந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும்; மனிதர்கள் நடக்கும் நிழல்; வெள்ளை நிறம், கிட்டத்தில், பஞ்சுபோல ஒரு திட்டு. சிமெண்டுப் பொட்டை விரல் கண்டுபிடித்துவிடும், ஆட்டத்தைக் காது கண்டுபிடித்துவிடும். படிக்கட்டை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் சுத்தமாகத் துடைத்த கண்ணாடியை எதைக்கொண்டு கண்டுபிடிப்பது? அவர் நன்றாக வேலை செய்யச் செய்ய, அவர் நடமாட முடியாத வீடாக அது மாறிக்கொண்டே வரும். அதற்குத்தான் அந்த வெள்ளை. வெள்ளைத் திட்டு இருந்தால் கண்ணாடி, இல்லையென்றால் வழி. வேலையெல்லாம் முடிந்து, இனி அந்த வீட்டில் தனக்கு நடக்க எதுவும் இல்லை என்றான பிறகு, மூன்றாம் நாள் வந்து துடைத்துவிட்டுப் போவார். கண் தெரியாது என்று தெரிந்தால் எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? மூன்று விரல் சுண்ணாம்பில் அந்த அம்மாவின் பிழைப்பு முழுவதும் நின்றது. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

கிரகப்பிரவேசம் அன்று காலை ஹோமமெல்லாம் முடிந்து, எட்டு மணிக்கு, மலை தெரிந்தது. அந்தப் பத்து நாளில் ஒரு நாள். நீல நிறத்தில், மடிப்பு மடிப்பாக, கிட்டே வந்து உட்கார்ந்தது போல. புகைப்படக்காரர், கண்ணாடிக் கதவை மூடி வைத்து அதன் முன்னே எங்களை நிற்கச் சொன்னார். பார்த்தால், மலை உச்சியின்மேல் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு. மலைக்கே விபூதி பூசியது போல இருந்தது. நான் தோளிலிருந்த புதுத் துண்டின் நுனியை நனைத்தேன்.

“அத ஏன் தொடைக்கிறீங்க? மூணாம் நாளு அந்தம்மாவே வர்றேன்னு சொல்லிச்சில்ல?” என்றாள் மனைவி.

“போட்டோவுக்கு மலை போதும். பட்டை வேணாம்.”

நான்கு இழுப்பில் போய்விட்டது. வாழ்க்கையில் நான் கீறல் விழாமல் துடைத்த ஒரே கண்ணாடி. படம் நன்றாக வந்தது. கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அந்த அம்மா என் மனைவி எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விருந்தாளியாக உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. பால்கனியில் என் மைத்துனர்கள் கூடி நின்று அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுபோகிறேன் என்று, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். புகைப்படத்துக்கு மூடிய கதவை யாரும் திறந்திருக்கவில்லை. மைத்துனர்கள் பக்கத்து அறையின் மரக்கதவு வழியாகப் பால்கனிக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மா அறைக்குள் வந்து ஒரு கணம் நின்று, இடது பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு தயக்கமே இல்லாமல், வேகமாக நடந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. பூசணிக்காயைத் தரையில் வைப்பது போல ஒன்று. அப்புறம்தான் டம்ளர்கள் உருண்டன.

நெற்றி புடைத்து, மூக்கிலிருந்து ரத்தம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் ஓடி வந்தார்கள். பெரிய மைத்துனர், “கண்ணாடியே இல்லாத மாரி தொடைச்சி வெச்சிருக்குது பாரு, தொடைச்ச ஆளே ஏமாந்துடுச்சி!” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மா யாரையும் கவனிக்கவில்லை. ரத்தத்தோடு எழுந்து நின்று, கண்ணாடியின் இடது ஓரத்தைத் தடவினார். மேலே, கீழே, மறுபடி மேலே. விரலை மோந்து பார்த்தார்.

“போட்டனே,” என்றார். இன்னொரு முறை தடவிவிட்டு, “போடலியா நானு?”

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. படிகளை எண்ணியது, குரலுக்குக் காத்திருந்தது, மூடிய கண். என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லவேண்டியது ஒரே வரி: போட்டீங்கம்மா, நான்தான் தொடைச்சேன். வீடு நிறைய ஆள். வாசலில் மேஸ்திரி. என் மனைவி வீட்டு உறவினர்கள். மூக்கில் ரத்தம் வடிகிற ஒரு வயதான பெண்மணியின் முன்னால், மலையோடு படம் எடுக்க ஆசைப்பட்டுத் துடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னது இதுதான்: “அந்தம்மாவுக்கு யாராச்சும் மோர் குடுங்கப்பா.”

அன்று சாயங்காலம், “அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“நாளன்னிக்கு வரும்ல. சொல்றேன்.”

மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாள், ஐந்தாம் நாள். பதினொரு கண்ணாடியிலும் சுண்ணாம்பு இருந்தது. வந்துவிடுவார் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தோம். இன்னொரு முறை துடைக்க எனக்குக் கை வரவில்லை என்பது உண்மைக் காரணம். இரண்டு வாரம் கழித்து என் மனைவி துடைத்தபோது வெள்ளை போனது, தடம் போகவில்லை. சுண்ணாம்பு கடித்துவிட்டிருந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் கண்ணாடி துடைக்கிறேன். ஈரத்துணி, ஊறல், இரண்டு டீ, எல்லாம் முறைப்படி. சாய்ந்த வெயிலில் பதினொன்றிலும் மூன்று விரல் தெரியும். பன்னிரண்டாவதில் மலை தெரியும்.

மேஸ்திரிக்கு ஒரு முறை போன் செய்தேன். “அது இப்ப எங்கியும் வர்றதில்லீங்க சார்” என்றார்.

“கண்ணு சரியில்லன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“கண்ணா? அதெல்லாம் ஒண்ணும் இல்லியே சார். நாங்க கூப்புட்டுக்கினுதான் இருக்கறோம். அதுவா நின்னுபுடுச்சி.”

கரியாலூருக்குப் போய்ப் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் வல்லவன். அந்த வருடமே உறவினர்களை அதே மலைப்பாதையில் அருவி பார்க்க அழைத்துப்போக நேர்ந்தது. வண்டி வளைவுகளில் ஏறும்போது சின்னச் சின்ன நிறுத்தங்களில் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நின்றிருந்தார்கள். எந்த நிறுத்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது வசதியாக இருந்தது. அருவியில் நன்றாகக் குளித்தேன்.

போன மாசியில், மதியம் மூன்று மணி இருக்கும், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சின்னசேலம் பஸ்ஸுக்காக ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, “கரியாலூர் பஸ்ஸு வந்தா சொல்றீங்களா தம்பி?” என்றார்.

ஒயர் கூடை இல்லை. ஒரு மஞ்சள் பை. இன்னும் ஒல்லியாகியிருந்தார். நெற்றியில் தடம் எதுவும் இல்லை. கண் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது.

“சொல்றன்” என்றேன். என் குரலில் அல்ல. அடித்தொண்டையில், சளி பிடித்தவன் போல. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. வாயைத் திறந்தேன், வேறு ஒருவன் பேசினான்.

“ஆசுபத்திரிக்கு வந்தீங்களா?” என்று அந்த வேறு ஒருவனே கேட்டான்.

“ஆமா. மருமவ மாத்திர வாங்கியாற போயிருக்குது. கண்ணுக்கு இல்ல, கண்ணு போயி ரொம்ப நாளாச்சி, நரம்பு செத்துப்போச்சின்னுட்டாரு டாக்டரு. இது ஞாபகத்துக்கு.”

“ஞாபகத்துக்கு இன்னா?”

அந்த அம்மா மஞ்சள் பையை மடியில் மடித்து மடித்து வைத்தார்.

“கண்ணாடி தொடைக்கிற வேல எனக்கு. கண்ணு போனாப் போவட்டும், கையி இருக்குதுன்னு வண்டிய ஓட்டிக்கினு இருந்தேன். அடையாளம் வெச்சிக்குவேன். ஒரு வூட்ல வெக்க மறந்துட்டேன். இன்னான்னா தம்பி, வெச்ச மாரியேதான் இருக்குது நெனப்புல. சுண்ணாம்பு தொட்டது, வெரலு ஜில்லுன்னு இருந்தது, எல்லாம் இருக்குது. தடவிப் பாத்தா அங்க இல்ல.” கையை நீட்டிக் காற்றில் ஒரு முறை தடவிக் காட்டினார். “அப்ப மத்தது எதத்தான் நம்புறது? அடுப்ப அணைச்சனா, கதவ சாத்துனனான்னு நாலு தபா எழுந்து போறேன். சோறு துன்னியான்னு மருமவ கேட்டா, துன்னனான்னு எனக்கே சந்தேகமா பூடுது. அதான் வேலய வுட்டுட்டேன். அடுத்தவங்க வூட்ல போயி இன்னாத்த மறந்து வைப்பனோ.”

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

“அந்த வூட்டுக்காரரு நல்ல மனுசன். ஒரு வார்த்த திட்டல. பாவம், நல்ல நாளும் அதுவுமா அவரு வூட்ல ரத்தம் சிந்திட்டேன்.”

கரியாலூர் பஸ் திரும்பி வந்து நின்றது. மருமகள் மாத்திரைப் பொட்டலத்தோடு தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்திருக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்த பிறகும் விடவில்லை.

“நீயே சொல்லு தம்பி. அவ்ளோ நெனப்பு இருக்குதே. நான் போட்டிருப்பனா, மாட்டனா?”

தன் குரலில் பேசினால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிவிடும்? கோபித்துக்கொள்வார். அழுவார். அடிப்பார் என்றே வைத்துக்கொள்வோம். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

“வயசானா மறதி வர்றது சகஜம்தானுங்களே” என்றேன், அடித்தொண்டையில்.

“அதான்,” என்றார். தலையை மெல்ல ஆட்டினார். “அதான் நானும் சொல்லிக்கினு இருக்கறேன்.”

மருமகள் வந்து கையை வாங்கிக்கொண்டார். படியில் ஏறும்போது, “கரியாலூர் போவுதுங்களா?” என்று கேட்டார். போகும் என்றார் கண்டக்டர். சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். மருமகள் பையை மேலே வைத்தார். பஸ் உறுமியது. அந்த அம்மா முன்னால் சாய்ந்து மறுபடி, “கரியாலூர் போவுதுங்களா?” என்றார்.

“இப்பத்தான கேட்ட ஆயா” என்றார் கண்டக்டர்.

“கேட்டனா?” என்றார் அந்த அம்மா.